இனிப்பு இருக்கிறதா, இல்லையா

வைன் தொழிலுக்குப் புதிதாக வருகிற தமிழ்ப் பிள்ளைகள் என்னைச் சந்தித்தால் முதலில் நாக்கைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நாக்கை எப்படிப் பழக்குவது, எவ்வளவு காலம் பிடிக்கும், மிளகாய்த்தூள் தின்று வளர்ந்த வாய்க்கு இதெல்லாம் பிடிபடுமா? பிடிபடும். ஓரிரு வருடத்தில் நாக்கு பழகிவிடும். ருசி பார்த்ததைச் சொல்லவேண்டிய நேரத்தில், அந்தச் சொல்லுக்காக ஒருவர் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருக்கும்போது என்ன செய்வது என்பது மட்டும் எனக்குக் கடைசிவரை பழகவில்லை. அதை யாரும் கற்றுத்தரவும் இல்லை. எனக்கு வாய்த்தது ஒரு வெள்ளிக்கிழமை. அதை அப்படியே எழுதுகிறேன். நீங்கள் எடுக்கவேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்தில் நான் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் வேலை செய்தவள். எண்பதுகளின் நடுவில் லண்டனுக்கு வந்தேன். லண்டன் பிரிட்ஜ் பக்கத்தில், ரயில் பாதையின் கீழ் வளைவுக்குள் இயங்கிய ஒரு சிறிய வைன் இறக்குமதி நிறுவனத்தில் விலைப்பட்டியல் தட்டச்சு செய்யும் வேலை கிடைத்தது. ஒவ்வொரு வைனுக்கும் கீழே குறிப்பு என்ற பெயரில் நீளமாக எதையோ எழுதியிருந்தார்கள். பழைய பழக்கத்தில் அவற்றை வெட்டி, பாதியாக்கிக் கொடுத்தேன். கொள்முதல் பொறுப்பாளர் அதைப் படித்துவிட்டு, “குடிக்காமலே இவ்வளவு தெளிவாக எழுதுகிறாய், குடித்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம்” என்று என்னை ருசி அறைக்குள் கூட்டிப்போனார். அவர் அறுபதை நெருங்கிய ஆங்கிலப் பெண்மணி. கூச்சமான ஆள், பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

நான் குடியிருந்த செவன் கிங்ஸில் பக்கத்து வீட்டு அன்ரி ஒருநாள் கேட்டார்: “என்ன பிள்ளை வேலை?”

“வாயில வைச்சுத் துப்புறது அன்ரி.”

“அதுக்கும் சம்பளம் குடுக்கிறாங்களோ?”

கொடுத்தார்கள். எனக்கு மட்டுமில்லை, யோகண்ணைக்கும். அவர் ஹவுன்ஸ்லோவில் இருந்தார். முன்பு அதற்குப் பக்கத்து ஹீத்ரோ விமான நிலையத்தில் விமானச் சாப்பாடு தயாரிக்கும் சமையற்கூடத்தில் வேலை செய்தவர். குடிக்காதவர், சைவம். எந்த வைனையும் ஒரு சொட்டுக்கூட விழுங்கமாட்டார். எங்கள் அறையில் இனிப்பைப் பற்றிக் கடைசிச் சொல் அவருடையது. அதற்குக் காரணம் இருந்தது. நான் சொல்லவந்த வெள்ளிக்கிழமைக்கு முந்திய கோடையில் நாங்கள் இறக்கிய ஒரு சிவப்பு வைனில் கொஞ்சம் சர்க்கரை மிஞ்சியிருந்தது. மிஞ்சிய சர்க்கரை போத்தலுக்குள் மறுபடியும் நொதிக்கத் தொடங்கினால் அடைப்பு மேலே தள்ளப்படும். தள்ள வழியில்லாவிட்டால் போத்தல் வெடிக்கும். கடைகளில் வெடித்தது. ஒரு கடைக்காரருக்குக் கையில் தையல் போட்டார்கள். வாங்குவதற்கு முன் “இதில இனிப்பு நிக்குது” என்று சொன்னவர் யோகண்ணை ஒருவர்தான். அப்போது அவர் சொன்னதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. இன்னொரு தடவை அப்படி நடந்தால் நிறுவனம் மூடப்படும் என்று பிறகு எல்லோருக்கும் தெரிந்தது.

அறைக்குச் சட்டங்கள் இருந்தன. பொறுப்பாளர் தன் கையால் எழுதிக் கதவில் ஒட்டியிருந்தார்: வாசனைத் திரவியம் கூடாது, சிகரெட் கூடாது, கோப்பி கூடாது, பெப்பர்மிண்ட் கூடாது, தோடம்பழம் (ஆரஞ்சு) கூடாது. அதற்குக் கீழே பெரிய எழுத்தில், வைனைக் கொண்டுவந்தவர் உள்ளே வரக் கூடாது. யாருடைய வைன் என்பது ருசிப்பவருக்குத் தெரியவே கூடாது. போத்தல்களுக்கு உறை மாட்டித்தான் மேசைக்கு வரும்.

அந்த வெள்ளிக்கிழமை, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நவம்பர் மாதம், வரவேற்பில் இருக்கும் பெண் வரவில்லை. மணி அடித்தபோது நான்தான் போய்க் கதவைத் திறந்தேன். தோளுக்குப் பெரிதான கோட்டோடு ஒரு மனிதர், கையில் மூலை பெயர்ந்த சூட்கேஸ். பெயர் எமிலியோ, ஸ்பெயினிலிருந்து வருகிறார் என்றார். சூட்கேஸைத் தரையில் வைத்துத் திறந்தார். துவாய்களில் சுற்றிய போத்தல்கள். உள்ளே எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டியவள், நின்று கேட்டுவிட்டேன். செய்தி மேசையில் இருந்தவளுக்கு ஒருவர் பேசத் தொடங்கினால் காதை மூடத் தெரியாது.

அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் கொஞ்சம். மிச்சத்தைக் கை சொன்னது. தாத்தா நட்ட திராட்சைக் கொடிகள். பந்தல் இல்லை, கம்பி இல்லை, ஒவ்வொன்றும் தனித்தனியாக முழங்கால் உயரத்தில் முறுக்கிக்கொண்டு நிற்கும். முதிர்ந்த கொடி கொஞ்சமாகத்தான் காய்க்கும். கொடிகளைப் பிடுங்கி அழிப்பவர்களுக்கு அரசு உதவி கொடுக்கிற காலம் அது. அவருடைய அண்ணன்மார் பிடுங்குவதற்குக் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தார்கள். இன்றைக்கு மாலை அங்கே அலுவலகம் மூடுவதற்கு முன் போடப்போகிறார்கள். லண்டனில் யாராவது வாங்குகிறார்கள் என்று இவர் தொலைபேசியில் சொன்னால் மட்டும் நிறுத்துவார்கள். இவருக்கும் இன்றைக்கே திரும்பும் விமானம். மூத்த அண்ணன் ஊரில் ஒரு மதுக்கடைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். சொல்லி முடித்து எமிலியோ குனிந்து, இரண்டு கையாலும் தரையிலிருந்து எதையோ பிடுங்கி எறிவதுபோலக் காட்டினார்.

நான் அவரை வெளி அறையில் இருத்திவிட்டுப் போத்தல்களைக் கிடங்குப் பையனிடம் கொடுத்தேன். பிறகு ருசி அறைக்குள் போனேன். பொறுப்பாளர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். காலையில் பல் பிடுங்கியிருக்கிறார்கள். விறைப்பு ஊசி இன்னும் தெளியவில்லை.

“என் நாக்கு எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை,” என்றார். சொற்கள் வழுக்கி வழுக்கி வந்தன. “இன்றைக்கு நீங்கள் இரண்டு பேரும்தான்.”

உறை மாட்டிய போத்தல் வந்தது. ஊற்றினோம். ஓரம் வரைக்கும் கறுப்புச் சிவப்பு. வாயில் வைத்ததும் முதலில் பழம், பிறகு துவர்ப்பு. நாவற்பழம் தின்றபின் கன்னத்தின் உட்பக்கம் இழுக்குமே, அந்த இழுப்பு, ஆனால் மெதுவாக, அவசரமில்லாமல் வந்தது. துப்பிய பிறகும் போகவில்லை. எழுதினேன். இனிப்பு என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன்.

யோகண்ணை பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “இனிப்பு இருக்கு, பிள்ளை.”

“எனக்குத் தெரியேல்லை, யோகண்ணை.”

“எப்பிடித் தெரியாமல் போகும்? சீனிப்பாணி மாதிரி நிக்குது.”

“முத்தின பழம் அப்பிடி ஒரு எண்ணம் தரும்தானே?”

“எண்ணத்துக்கும் சீனிக்கும் வித்தியாசம் தெரியாமலோ நான் இஞ்ச நிக்கிறன்?”

“எனக்கும் விளங்குகிற மொழியில் சண்டை போடுங்கள்,” என்றார் பொறுப்பாளர்.

சொன்னோம். அவர் மறுபடி ருசிக்கச் சொன்னார். ஒரு ரயில் தலைக்குமேல் போனது, வைன் கண்ணாடிகள் எல்லாம் சேர்ந்து கிலுங்கின. யோகண்ணை சுவர்ப்பக்கம் திரும்பி இருமிவிட்டு வந்து மறுபடி வாயில் வைத்தார். இந்த முறை இன்னும் உறுதியாகச் சொன்னார்: முன்னையதைவிடக் கூட இனிக்கிறது. சர்க்கரையை அளக்க வெளியே அனுப்பலாம், பதில் திங்கட்கிழமைதான் வரும். கதவுக் கண்ணாடி வழியாக வெளி அறை தெரிந்தது. எமிலியோ உட்காரவில்லை. சுவரிலிருந்து சுவருக்கு நடந்துகொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கு என் வாயிலேயே சந்தேகம் வந்தது. இனிப்பு இல்லை என்று நாக்கு சொல்கிறதா, இருக்கக் கூடாது என்று நான் விரும்புகிறேனா? பத்திரிகையில் எங்களுடைய ஆசிரியர் ஒவ்வொரு செய்திக்கும் ஒரே கேள்விதான் கேட்பார்: உனக்கு இது எப்படித் தெரியும்? எமிலியோவின் கைகளைப் பார்த்த பிறகு அந்தக் கேள்விக்கு என்னிடம் சுத்தமான பதில் இல்லை. யோகண்ணையைக் கொஞ்சம் அந்தப்பக்கம் போய்க் கண்ணாடிகளைக் கழுவச் சொல்லிவிட்டு, பொறுப்பாளரிடம் தணிந்த குரலில் சொன்னேன்: நான் அவரோடு பேசினேன், தோட்டத்தின் கதை எனக்குத் தெரியும், இன்றைக்கே அவருக்கு விமானம் என்பதும் தெரியும்.

“எப்போது?”

“கதவைத் திறந்தபோது. ருசிப்பதற்கு முன்.”

அவர் கோபப்படவில்லை. “அப்படியென்றால் உன் வாயை இன்றைக்கு நான் எடுத்துக்கொள்ள முடியாது,” என்றார். “யோகனுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“அவருக்குத் தெரியாது, அவர் இனிப்பு என்கிறார்.” கன்னத்தைத் தடவிக்கொண்டு கதவைப் பார்த்து நடந்தார். வெளியே போய் ‘மன்னிக்கவும்’ என்று சொல்ல அவருக்கு ஒரு நிமிடம் போதும். கைப்பிடியில் கை வைத்துவிட்டார்.

யோகண்ணை கழுவு தொட்டிக்குப் பக்கத்தில் நின்று குழாய்த் தண்ணீரை ஒரு கண்ணாடியில் பிடித்துக் குடித்தார். “இண்டைக்குத் தண்ணி நல்லாத்தான் இருக்கு,” என்றார், யாருக்கும் இல்லாமல்.

லண்டன் தண்ணீரை அவர் ஒருநாளும் புகழ்ந்ததில்லை. சுண்ணாம்புத் தண்ணி என்று தினமும் திட்டுவார்.

“என்ன சொன்னீங்கள்?”

“தண்ணி. சும்மா இனி…”

பாதிச் சொல்லில் நின்றுவிட்டார். அவருடைய வலது கை மெதுவாகச் சட்டைப் பையைத் தொட்டது.

“யோகண்ணை, பையில என்ன?”

“இருமலுக்கு, பிள்ளை. பெப்பர்மிண்ட் கூடாதெண்டுதானே போட்டிருக்கு. என்ர மனிசி சவுத்தால் கடையில வாங்கினது.”

உப்பில் ஊறிக் காய்ந்த நெல்லிக்காய். பாதிப் பை முடிந்திருந்தது. இரண்டு ருசிப்புக்கும் இடையில் சுவரைப் பார்த்து இருமியபோதும் ஒன்றைக் கடைவாயில் அடக்கியிருக்கிறார். நெல்லி தின்றபின் தண்ணீர் இனிக்கும் என்பது எங்கள் எல்லோருக்கும் பள்ளிக்கூட வயதிலேயே தெரியும். பள்ளிக்கூடக் கிணற்றடியில் தெரிந்த ஒன்று லண்டன் ருசி அறைக்குள்ளும் நடக்கும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அந்தக் கதவில் ஒட்டிய சட்டங்களை எழுதியவருக்கோ நெல்லி என்று ஒன்று இருப்பதே தெரியாது.

“நில்லுங்கள்,” என்று பொறுப்பாளரைக் கூப்பிட்டேன்.

அவர் உள்ளங்கையில் வைத்து அந்தச் சுருங்கிய காயைப் பார்த்தார். “இது இனிப்பா?”

“புளிப்பு.”

“புளிப்பான காய் தண்ணீரை இனிப்பாக்குகிறதா?”

“வைனையும்.”

எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஐரோப்பியச் சமையலில் ஆர்டிசோக் என்று ஒரு பூக்காய் உண்டு. அதைத் தின்றாலும் வைன் இனிப்பாகத் தெரியும். அந்த ஒப்பீட்டால்தான் அவர் எங்களை நம்பினார் என்று நினைக்கிறேன். எழுத்துக்கூட்டல் கேட்டார். அந்த அவசரத்திலும் கதவில் ஒட்டிய பட்டியலில் தோடம்பழத்துக்குக் கீழே நெல்லியை எழுதினார்.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து எங்கள் நிலைமையைச் சொன்னார். “எனக்கு வாய் இல்லை. யோகனுக்கு வாயில் காய். உனக்கு வாய் இருக்கிறது, மனம் சரியில்லை. அந்த மனிதருக்கு விமானம்.”

யோகண்ணை வாயைத் துடைக்க மேசையில் வைத்திருந்த பாண் துண்டை மென்று, கொப்பளித்து, மறுபடி தண்ணீர் குடித்துப் பார்த்தார். “இன்னும் இனிக்குது,” என்றார். முகம் இருண்டிருந்தது. காத்திருந்தால் சரியாகிவிடும், காத்திருக்கத்தான் நேரம் இல்லை. எமிலியோ ஹீத்ரோவுக்குப் புறப்படவேண்டும், அங்கிருந்துதான் ஊருக்குக் கூப்பிடுவார். அவர் விமானத்தில் ஏறிவிட்டால் நாங்கள் என்ன கண்டுபிடித்தும் பயனில்லை.

பொறுப்பாளர் முடிவெடுத்தார். நானும் யோகண்ணையும் எமிலியோவோடு காரில் போவது. வழியில் தண்ணீர் தண்ணீராக ருசிக்கிற நேரத்தில் யோகண்ணை ருசிப்பது. கூடவே இனிப்பே இல்லாத இன்னொரு ஸ்பெயின் வைனையும் கொண்டுபோய், எது எதுவென்று தெரியாமல் இரண்டையும் கொடுப்பது. ஹீத்ரோவிலிருந்து பொறுப்பாளருக்குத் தொலைபேசி எடுப்பது. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “யோகனுக்கு அந்தக் கதை எதுவும் தெரியக் கூடாது. முகத்திலும் காட்டாதே,” என்றார்.

யோகண்ணைக்குத் தெரிந்த, அந்நேரம் பக்கத்தில் ஆள் இறக்கிவிட்டு நின்ற ஹவுன்ஸ்லோ மினிகாப் ஒன்று வந்தது. ஓட்டுநர் மகேந்திரன், இளைஞன், வாய் ஓயாதவன். எமிலியோவை முன் இருக்கையில் ஏற்றினேன். அவருடைய முகம் யோகண்ணைக்குத் தெரியக் கூடாது. நாங்கள் பின்னால். என் மடியில் இரண்டு போத்தல், இரண்டு கண்ணாடி, துப்புவதற்கு ஒரு பிஸ்கட் டின்.

“அண்ணை, கார் நேற்றுத்தான் கழுவினது,” என்றான் மகேந்திரன். “பொலிஸ் மறிச்சால் நான் என்ன சொல்லுறது? பின்னுக்கு இருந்து குடிக்கினம், முன்னுக்கு ஒருத்தர் அழுறார் எண்டோ?”

“ஆர் அழுறது?” என்று யோகண்ணை எட்டிப் பார்த்தார்.

“விமானமெண்டால் அவருக்குப் பயமாம்,” என்றேன்.

எமிலியோ அழவில்லை. கடிகாரத்தைப் பார்ப்பதும் ஜன்னலைப் பார்ப்பதுமாக இருந்தார். ஒவ்வொரு சிவப்பு விளக்குக்கும் அவருடைய வலது கால் தரையை அழுத்தியது. இடையில் திரும்பி என்னிடம் “தாத்தா” என்று ஏதோ தொடங்கினார். நான் உதட்டில் விரலை வைத்தேன். பேசக் கூடாது, சட்டம். அவர் திரும்பிக்கொண்டார். என்ன நடக்கிறது என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்ல எங்களுக்கு மொழியும் இல்லை.

யோகண்ணைக்கு அவர்மேல் இரக்கம் வந்துவிட்டது. “பாவம், பயத்தில வாய் காஞ்சிருக்கும். அவருக்கு இதைக் குடும்,” என்று பையிலிருந்து ஒரு நெல்லியை நீட்டினார்.

தடுக்கலாமா என்று யோசித்தேன். தடுக்கக் காரணம் இல்லை. எமிலியோ வாயில் போட்டார், முகம் முழுதும் சுருங்கியது. மகேந்திரன் சிரித்தான். தண்ணீர்ப் போத்தலை நீட்டினேன். குடித்தார். நின்று, போத்தலைப் பார்த்து, மறுபடி குடித்தார். “துல்சே!” என்றார். இனிப்பு என்பதற்கு அவர்களுடைய சொல். பிறகு பின்னால் திரும்பி யோகண்ணையின் சட்டைப் பையையும், என் மடியில் இருந்த போத்தல்களையும், என்னையும் பார்த்தார். யோகண்ணையின் நாக்குக்கு என்ன நடந்தது என்று அவருக்கு விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவர் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. கழுத்து மட்டும் விறைத்து நின்றது.

யோகண்ணை சிறிது தூரத்துக்கு ஒருதடவை தண்ணீரைச் சுவைத்தார். “இன்னும் கொஞ்சம் நிக்குது.” பிறகு, “மெல்லிசா.” போக்குவரத்து நெரிந்து கார் நின்றுவிட்டது. மகேந்திரன் ஹோர்ன் அடித்தான், முன்னால் நின்றவனைத் தமிழில் திட்டினான், அவனுக்குக் கேட்காது என்பதால் இன்னும் சத்தமாகத் திட்டினான். முகத்தில் காட்டாதே என்றால் முகம் எங்கே இருக்கிறது என்றே மறந்துபோகிறது.

“ஏன் பிள்ளை, ஏதோ செத்த வீட்டுக்குப் போறமாதிரி இருக்கிறீர்?” என்றார் யோகண்ணை.

“கார் எனக்கு ஒத்துவாறேல்லை.”

“நல்ல ஆக்களோட வெளிக்கிட்டன். ஒருத்தருக்கு விமானம் ஏலாது, ஒருத்தருக்குக் கார் ஏலாது.”

ஹவுன்ஸ்லோ தாண்டும்போது அவர் தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். விழுங்கினார். “சுண்ணாம்பு,” என்றார். “ஊத்தும்.”

மகேந்திரனை ஓரமாக நிறுத்தச் சொன்னேன். யோகண்ணையைக் கண்ணை மூடவைத்து, இரண்டு கண்ணாடியிலும் ஊற்றி, அவருடைய இரண்டு கையிலும் கொடுத்தேன். இடது கையில் எமிலியோவின் வைன். நான் மற்றப் பக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். மகேந்திரன் எஞ்சினை அணைத்தான். பிஸ்கட் டின்னில் துப்பும் சத்தம் இரண்டு தடவை கேட்டது. சிறிது பொறுத்து மறுபடி இரண்டு தடவை.

“ரெண்டிலயும் சீனி இல்லை,” என்றார். “வலக்கை சும்மா வைன். இடக்கை நல்ல முத்தின கொடியின்ர பழம். துவர்ப்பு ஆறுதலா வந்து ஆறுதலாப் போகுது. காலமை இதையோ நான் சீனிப்பாணி எண்டனான்?”

போத்தலை அடைத்துக் கைப்பைக்குள் வைத்தேன்.

ஹீத்ரோவில் தொலைபேசிகள் வரிசையாக இருந்தன. பொறுப்பாளர் முதல் மணியிலேயே எடுத்தார். யோகண்ணை சொன்னதை அதே சொற்களில், கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “இப்போதும் யோகனுக்குக் கதை தெரியாதா?”

“தெரியாது.”

“வாங்குகிறோம் என்று சொல்.”

எமிலியோவுக்கு அது விளங்க மொழி தேவைப்படவில்லை. என் கையிலிருந்து தொலைபேசி அட்டையைப் பறிக்காத குறையாக வாங்கி ஊருக்கு எண்களை அழுத்தினார். அண்ணன் எடுத்தார். எமிலியோ கத்தினார், மறுபக்கம் இன்னும் பெரிதாகக் கத்தியது. எங்களுக்கு ஒரு சொல்லும் தெரியாவிட்டாலும் சண்டை எதைப் பற்றியது என்பது விளங்கியது: பல வருடமாக ‘வாங்குவார்கள், வாங்குவார்கள்’ என்று சொல்லிவந்த தம்பியை அண்ணன் நம்பவில்லை. எமிலியோ ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு யோகண்ணையின் பக்கம் திரும்பி, குனிந்து, இரண்டு கையாலும் தரையிலிருந்து பிடுங்கி எறிவதுபோலக் காட்டினார். ஒருதடவை. இன்னொருதடவை.

“உவர் என்ன பிடுங்கிறார்?” என்றார் யோகண்ணை.

இனி மறைத்துப் பயனில்லை. சொன்னேன். கொடிகள், அண்ணன்மார், மாலைக்குள் போடவிருக்கிற கையெழுத்து.

அவர் கையை நீட்டினார். “அதை எடும்,” என்றார்.

“எதை?”

“போத்தலை. நான் இன்னொருக்கா வாயில வைச்சுப் பாக்கவேணும்.”

“ஏன்? சீனி இல்லையெண்டு சொன்னீங்கள்தானே.”

“சொன்னனான். அது வேற. இப்ப அந்தாளின்ர காணி என்ர வாயில நிக்குதெல்லே. வெடிச்சால் எங்கட கடையும் போகும், அவற்ற பேரும் போகும். ஒருக்கா, பிள்ளை. ஒரு மிடறு.”

கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அவர் கேட்டது நியாயமாகத்தான் இருந்தது. கவனமான மனிதன் மறுபடி சரிபார்க்க விரும்புகிறான். ஆனால் கதை தெரிந்த பிறகு வாயில் வைத்தால் என்ன நடக்கும் என்பதைக் காலையில் என்னிடமே பார்த்திருந்தேன். இரக்கப்பட்டால் இல்லாத நல்லதெல்லாம் நாக்குக்குத் தெரியும். இரக்கப்படுகிறோமோ என்று பயந்தால் இல்லாத சர்க்கரையும் தெரியும். அவர் பயப்படுகிற ஆள்.

“தரமாட்டன்,” என்றேன்.

“நான் உம்மைவிட மூத்தவன்.”

“ஓம். அதுக்காகவும் தரமாட்டன்.”

எமிலியோவின் விமானத்துக்கான கடைசி அழைப்பு ஒலிபெருக்கியில் வந்தது. எமிலியோ ரிசீவரை யோகண்ணையின் முகத்துக்கு நேரே நீட்டினார். ருசித்தவர் சொன்னால்தான் அண்ணன் நம்புவாராம். அவர் யோகண்ணையைச் சுட்டிய விதத்தில் அது தெரிந்தது. ரிசீவருக்குள்ளிருந்து ஒரு கனத்த குரல், அதற்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் திரட்டிக்கொண்டு, “பை? ஷுவர்?” என்று கேட்டது. வாங்குகிறீர்களா, நிச்சயமா என்று.

யோகண்ணை ரிசீவரை வாங்கவில்லை. என் கைப்பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் அசையவில்லை. மறுபடி அந்தக் குரல், “ஷுவர்?”

ரிசீவரை இரண்டு கையாலும் வாங்கினார்.

“ஓம்,” என்றார். மறுமுனையில் அமைதி. தான் எந்த மொழியில் சொன்னார் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. “யெஸ்,” என்றார். “யெஸ். ஷுவர்.”

எமிலியோ எங்கள் இருவரையும் கட்டிப்பிடித்துவிட்டு ஓடினார். திரும்பி வரும்போது யோகண்ணை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். தன் வீட்டு வாசலில் இறங்கும்போது மட்டும் சொன்னார்: “முதலே தெரிஞ்சிருந்தால் இனிப்பெண்டுதான் சொல்லியிருப்பன். பாதுகாப்புக்கு.” கதவை மெதுவாகச் சாத்தினார்.

கையெழுத்துப் போடப்படவில்லை. வைன் வந்தது. வெடிக்கவில்லை, இதை இப்போது சொல்வது சுலபம். அன்றைக்கு அது எங்கள் ஒருவருக்கும் தெரியாது. வருகிற கோடை முடியும்வரை தெரியப்போவதும் இல்லை. நல்ல முடிவு எடுத்தால் நிம்மதி வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சரியாக ருசித்து, சரியாகச் சொல்லி, சரியான ஆள் வாங்கிய பிறகும் அந்தப் பெட்டிகள் கிடங்கில் இருந்த மாதங்கள் முழுக்க எனக்கு நித்திரை அரைகுறைதான்.

யோகண்ணை தினமும் காலையில் கோட்டைக் கழற்றுவதற்கு முன் கிடங்குக்குள் போவார். எமிலியோவின் பெட்டிகளைத் திறந்து, ஒவ்வொரு போத்தலின் தலையையும் விரலால் தடவிப் பார்ப்பார், அடைப்பு எழும்பியிருக்கிறதா என்று. வெயில் ஏறிய நாட்களில் மத்தியானமும் போவார். அவர் லீவில் நின்ற நாட்களில் நான் போனேன். ஒருநாள் உள்ளே போனபோது எனக்கு முன்பே ஒருவர் அங்கே குனிந்துகொண்டிருந்தார். பொறுப்பாளர். கையை எடுக்காமல் தலையை மட்டும் நிமிர்த்தி என்னைப் பார்த்தார். பிறகு பெட்டியின் மற்றப் பக்கத்தைக் கண்ணால் காட்டினார். நான் அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினேன்.